இணையத்தில் பாடம்

உடையார்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு முறை அவர் வீட்டில் நாலைந்து நாள் தங்கிவிட்டு வருவது என் வழக்கம். காலையில் பயறணீசுவரர் கோயில் பக்கம் ஒரு நடை, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் திண்ணையில் பேச்சு. இதற்கு மேல் அங்கே எனக்கு வேலை எதுவும் இருந்தது கிடையாது. இந்தத் தடவை ஒரு வேலை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனால் வந்த வேலை அது.

பையன் பி. ஏ. தமிழ் இரண்டாவது வருஷம் படிக்கிறான். வீட்டுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடு இருக்கிறது. அதை நம்பிப் பிழைக்கிற குடும்பம். நான் கதை எழுதுகிறவன் என்று நண்பர் சொல்லிவைத்திருந்ததால், மரியாதைக்காக வந்து உட்கார்ந்தான். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். குறுந்தொகை என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குறுந்தொகையில் என்ன தெரியும் என்று கேட்டேன். சடசடவென்று ஒப்பித்தான். எட்டுத்தொகை நூல்களில் ஒன்று, கடவுள் வாழ்த்து நீங்கலாகப் பாட்டுகள் 401, நாலடி முதல் எட்டடி வரை வரும், தொகுத்தவன் பூரிக்கோ, தொகுப்பித்தவன் பெயர் தெரியவில்லை. எல்லாம் சரி. ஒரு பிழை கிடையாது.

"சரி தம்பி, அதிலே உனக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டேன்.

பையன் முழித்தான். நான் ஏதோ பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி நண்பரைப் பார்த்தான். பிறகு, "பாட்டு படிக்கலீங்க ஐயா. பாடத்தைத்தான் படிச்சேன்" என்றான்.

பாடம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குக் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கும் பாடம் அது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. பாடத்தின் தொடக்கத்தில், இதைப் படிப்பதால் என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு பட்டியல். நடுவில் தலைப்புத் தலைப்பாகச் செய்திகள். கடைசியில் மாணவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளச் சில கேள்விகள். கேள்விகளைத் தட்டினால் விடை வருகிறது. அந்த விடை மேலே உள்ள பாடத்தின் ஒரு வாக்கியம்தான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

"பரீட்சைக்கு முந்தின நாள் இதைப் பாத்தா போதுங்க ஐயா. காலேஜுக்குப் போறதே வேஸ்ட்டுன்னு அப்பா சொல்றாரு. திருப்பூர்ல மாமா வேலைக்குக் கூப்பிடறாரு" என்றான் பையன்.

இந்தப் பேச்சு என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. பையன் சொன்னதில் தர்க்கம் இருந்தது. படிப்பு என்பது அந்தத் திரையில் இருப்பது மட்டுமே என்றால், அதற்காக மூன்று வருஷம் செலவழிப்பது முட்டாள்தனம்தான். அவன் அப்பா சொல்வதில் என்ன தப்பு?

நாவலைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே இத்தனை வருஷங்களைக் கழித்திருக்கிறேன். பாடங்களைப் பற்றி யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. ஆனால் இன்று தமிழில் அதிகப்பேர் படிக்கிற வசனம் பாட வசனம்தான். அதை நல்ல வசனமா, கெட்ட வசனமா என்று பார்க்க வேண்டாமா? ஊர் திரும்பியதும் இரண்டு மாதம் இந்த இணையப் பாடங்களையே படித்தேன், பார்த்தேன், கேட்டேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காரியத்தில் தமிழர்கள் பின்தங்கியவர்கள் அல்ல. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த யோசனைதான் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். வா. செ. குழந்தைசாமி முன்னின்று உருவாக்க, 2001 பிப்ரவரியில் அது தொடங்கிற்று. அமெரிக்காவில் எம். ஐ. டி. என்கிற பெரிய கலாசாலை தன் பாடங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாகப் போடப்போவதாக அறிவித்து உலகத்தை ஆச்சரியப்பட வைத்தது அதே வருஷம் ஏப்ரலில்தான். இரண்டு மாதம் நாம் முந்தி. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இருக்கிறது. எங்கெங்கோ சிதறிக் கிடக்கிற தமிழர்களின் பிள்ளைகள் அகரம் முதல் பட்டப்படிப்பு வரை தமிழ் படிக்க வழி செய்வது அதன் நோக்கம். நல்ல நோக்கம்.

விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் ஏழு ஐ. ஐ. டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இருக்கிறது. எம். ஏ., எம். எஸ்ஸி. மாணவர்களுக்கு யு. ஜி. சி. செய்த இ-பி.ஜி. பாடசாலை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுச் சந்தை மாதிரி 2017 ஜூலையில் ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை இணையத்திலேயே படித்துத் தேறலாம் என்று யு. ஜி. சி. 2021-ல் விதி செய்துவிட்டது. ஆகவே இது ஓரத்தில் நடக்கிற சமாசாரம் அல்ல. உடையார்பாளையத்துப் பையன் நாளைக்குப் பட்டதாரி ஆனால், அதில் ஒரு பங்கு இந்தத் திரையால் ஆனதாக இருக்கும்.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். விஞ்ஞானப் பாடங்கள் நன்றாக இருக்கின்றன. இலக்கியப் பாடங்கள் பெரும்பாலும் நன்றாக இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இலக்கியம் மனிதனைப் பற்றியது, விஞ்ஞானம் ஜடத்தைப் பற்றியது, ஆகவே இலக்கியப் பாடத்தில்தான் மனிதனைச் சந்திப்போம் என்று நினைத்துப் போனேன். நேர்மாறாக இருந்தது.

நண்பரின் பேத்தி பௌதிகம் படிக்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாடத்தை நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பேராசிரியர் கரும்பலகை முன்னால் நின்று ஒரு சமன்பாட்டைப் படிப்படியாக எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு அதில் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும் ஒரு கட்டத்தில் மனுஷர் எழுதுவதை நிறுத்தினார். தாம் எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு, எந்த இடத்தில் தவறினோம் என்று பின்னால் தேடிப் போய்த் திருத்தினார். "இந்த இடத்தை மூணு தடவை பாத்துட்டேன் தாத்தா. வகுப்புல சாரை மூணு தடவை கேட்க முடியுமா?" என்றாள் பெண்.

அவள் சொன்னதில் இணையப் பாடத்தின் முழு நியாயமும் இருக்கிறது. கூச்சப்படுகிற மாணவி, மெதுவாகப் புரிந்துகொள்கிற மாணவி, கடைசிப் பெஞ்சில் உட்காருகிற மாணவி இவர்கள் எல்லாருக்கும் அலுத்துக்கொள்ளாத ஆசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டார். அது மட்டுமல்ல. அந்தப் பேராசிரியர் முடிவை மட்டும் சொல்லவில்லை. முடிவுக்கு எப்படிப் போவது என்று நடந்து காட்டினார். வழி தவறினால் எப்படித் திரும்பி வருவது என்றும் காட்டினார். ஒரு மனம் வேலை செய்வதை அந்தப் பெண் கண்ணால் பார்த்தாள். கல்வி என்பது அதுதான்.

இலக்கியப் பாடத்தில் இது நடப்பதில்லை. அங்கே முடிவுகள் மட்டுமே இருக்கின்றன. இந்தப் பாட்டில் உவமை சிறப்பாக அமைந்துள்ளது. இந்தப் புலவர் இயற்கையை அழகுற வருணித்துள்ளார். இதனால் அக்கால மக்களின் பண்பாட்டை அறியலாம். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது, எப்படிச் சிறப்பு, வேறு விதமாகப் பார்த்தவர்கள் உண்டா, எதற்கும் பதில் இல்லை. பாட்டு இரண்டு அடி மேற்கோளாகத் தலைகாட்டும். உடனே அதற்குப் பொருள் சொல்லி அதை மூடிவிடுவார்கள். எழுதியவர் பெயர் இருக்கிறது, எழுதியவர் இல்லை. அவருக்கு இந்தப் பாட்டு பிடிக்குமா என்பதை அந்த வசனத்தைக் கொண்டு நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. இலக்கண வரலாறு, சாசனங்கள், கோயில் கட்டடக் கலை போன்றவற்றில் சில நல்ல பாடங்களைப் படித்தேன். தகவலே சுவையாக இருக்கிற இடத்தில் தகவல் வசனம் தாக்குப்பிடிக்கிறது. கவிதை வரும்போதுதான் அது தோற்றுப்போகிறது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. மனம் வேலை செய்வதைக் காட்டுகிற பாடம் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் இருக்கிற பாடத்தில் மனத்தின் வேலை தெரிவதில்லை. ஐ. ஐ. டி. பாடங்களைத் தமிழில் பெயர்த்துப் போடுகிற முயற்சி நடந்துவருகிறது. படித்துப் பார்த்தேன், உபயோகமானதுதான். ஆனால் பேராசிரியர் பேசின வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி வைத்தால் அது தமிழாகிவிடாது. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதற்கு நமக்குச் சாட்சி வேண்டியதில்லை. 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் விஷயத்தைத் தமிழில் யோசித்து எழுதினார்கள். அந்தப் பெண்ணின் கைப்பேசியில் அதுவும் கிடைக்கிறது. அப்படி ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

உடையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கல்வியைப் பற்றி யோசிக்கிற எவனும் உ. வே. சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியாது. அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதம் கற்றது இந்த ஊர் சமஸ்தான வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையரிடம். பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர ஆசிரியர் தேடி அந்தத் தகப்பனார் அலைந்த ஊர்களும் இந்த வட்டாரத்து ஊர்கள்தாம். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஓர் ஆசிரியருக்குத் தெரிந்தது தீர்ந்ததும் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். யாப்பருங்கலக் காரிகை ஒன்றைப் பாடம் கேட்பதற்காக ஒரு குடும்பம் ஊர் மாறிற்று என்றால் இன்றைக்கு நம்ப முடிகிறதா? கடைசியில் 1871-ல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிடைத்தார்.

இந்தக் கதையைச் சொல்லி, அந்தக் காலத்துக் குருகுலம் போல வருமா என்று பெருமூச்சு விடுவது நம்மவர்களுக்குப் பிடித்தமான காரியம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அப்படித் தேடி அலையத் தகப்பனாருக்கு வித்தையும், அந்த வித்தைக்காக ஆதரிக்கிற ஜமீன்தார்களும் மிராசுதார்களும் இருந்தார்கள். அவை இல்லாத ஆயிரம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நன்னூல் ஏட்டைக்கூடக் கண்ணால் பார்க்காமல் செத்துப்போனார்கள். முந்திரிக்காட்டுக்காரர் மகனுக்கு அன்று எந்த வித்துவான் திண்ணையிலும் இடம் இருந்திருக்காது. இன்று அவன் கையில் இருக்கிற கைப்பேசி அவன் ஜாதியைக் கேட்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே இணையக் கல்வியை நான் ஆதரிப்பேன். ஆதரிக்கிறவன் என்பதால்தான் குறை சொல்கிறேன்.

சாமிநாதையர் வாழ்க்கையில் வேறொரு சம்பவம் இருக்கிறது. அதுதான் நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. 1880-ல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரை, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள் என்று நீண்ட ஜாபிதா ஒன்றை ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோஜனம், பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அது அவர் படிக்காத நூல். முதலியார் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்தார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பிறகு நடந்தது தமிழின் சரித்திரம்.

ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதிய சுயசரிதையில் ஐயரவர்களே இதைச் சொல்லியிருக்கிறார். திண்ணையில் நான் கேட்ட ஒப்பிப்பும் இதே மாதிரிதான். படித்ததைப் பற்றின ஜாபிதா ஒன்று. படிக்க வேண்டிய புத்தகம் ஒன்று. முதலியார் ஜாபிதாவை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நம் இணையப் பாடங்கள் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு ஜாபிதாவைக் கையில் கொடுக்கின்றன.

இதில் வேதனை என்னவென்றால், புத்தகம் அங்கேயே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்த காரியங்களில் மிகப் பெரியது அதன் பாடங்கள் அல்ல, அதன் நூலகம் என்பது என் முடிவான அபிப்பிராயம். சங்க நூல்கள் உரைகளோடு இருக்கின்றன. நிகண்டுகளும், சென்னைப் பல்கலைக்கழகம் தொகுத்த பேரகராதியும் இருக்கின்றன. 2017-ல் தொடங்கிய மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் சிலவற்றுக்காக நான் என் வாலிபத்தில் நூல்நிலையம் நூல்நிலையமாக அலைந்திருக்கிறேன். இத்தனை பெரிய அரண்மனையைக் கட்டிவிட்டு, பையனை வாசல் பலகையை மனப்பாடம் பண்ணச் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவன் கைப்பேசியிலேயே குறுந்தொகையை எடுத்தேன். சாமிநாதையர் 1937-ல் உரையோடு பதிப்பித்த நூல். இருபத்தைந்தாம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடிகள். அன்று எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவன் இப்போது இல்லையென்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பெண் புலம்புகிறாள். ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு தினைத்தாள் போன்ற சிறு கால்களோடு ஒரு குருகு மட்டும் அங்கே நின்றதாம். ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்ந்து படித்தோம். தெரியாத வார்த்தைக்கு அகராதியைத் தட்டினோம். அரை மணி நேரம் ஆயிற்று.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கொக்கு மீனைத்தானே பாத்துக்கிட்டிருக்கு. இவங்களைப் பாக்கவே இல்லையே ஐயா. அது எப்படிச் சாட்சி ஆகும்?" என்று கேட்டான்.

நான் திடுக்கிட்டுப் போனேன். பாட்டின் உயிரை அவன் தொட்டுவிட்டான். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே சாட்சியும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் அவள் துக்கம். நான் படித்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி இல்லை. பாட்டைக் கையில் கொடுத்ததும் முந்திரிக்காட்டுப் பையன் அரை மணியில் கேட்டுவிட்டான். அவனிடம் குறை இல்லை; அவனுக்குக் கொடுத்ததில்தான் குறை.

பாடம் செய்கிற பல்கலைக்கழகங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. இலக்கியப் பாடத்தில் முதலில் பாட்டை வையுங்கள். முழுப் பாட்டையும் வையுங்கள். உங்கள் முடிவைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று காட்டுங்கள். தடுமாறிய இடம் இருந்தால் அதையும் காட்டுங்கள். பௌதிகப் பேராசிரியர் காட்டவில்லையா? உரையாசிரியர்கள் இரண்டு பேர் மாறுபடுகிற இடத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்துங்கள். விடை பாடத்திலேயே இருக்கிற கேள்வியைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, ஊரைக் கொஞ்சம் பாருங்கள். ஜெயங்கொண்டத்தைத் தாண்டிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளில் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கிடந்த கடலின் கிளிஞ்சல்கள் கல்லாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது, 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் உலகத்துக்கு அறிவித்தது. சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகளைத் தினம் பார்த்துக்கொண்டு காலேஜுக்குப் போகிற பெண்ணுக்கு, அந்த லாரியில் போவது ஒரு கடலின் மிச்சம் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. இந்த இரண்டு ஜில்லாக்களின் கல்லூரிகளும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பக்கத்தில் இருக்கிறவர்கள் நினைத்தால் செய்யக்கூடிய பாடம் இது. டில்லியிலிருந்து வர வேண்டியதில்லை.

நான் கிளம்புகிற அன்று பையன் பஸ் ஏற்றிவிட வந்தான். திருப்பூர் விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அது அவன் வீட்டு விஷயம், என் குறுந்தொகையால் தீர்கிற விஷயமும் அல்ல. பஸ் புறப்படுகிற சமயத்தில் அவனே ஜன்னல் பக்கம் வந்து, "இருபத்தாறும் படிச்சேங்க ஐயா. அதுல குரங்கு சாட்சி" என்றான்.

நாலு நூற்றொன்றில் இரண்டு ஆயிற்று. மீதியை அவன் எங்கே இருந்து படிக்கப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. திருப்பூரிலும் அந்தக் கைப்பேசி அவனிடம் இருக்கும் அல்லவா?